எதிர் சீட்டில் ஆள் இருக்கு

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை, கனவும் இல்லை. நம்ப மனம் வராதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நட்டமும் இல்லை. பெற்ற மகளே நம்பவில்லை. நீங்கள் நம்பாவிட்டால் குடி முழுகிப் போகாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுராத்திரி, பாழடைந்த மாளிகை, ஊளையிடும் நாய் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். இது பகலில் நடந்தது. ஜனங்கள் நிறைந்த பாசஞ்சர் ரயிலில், இரண்டு சீட் தள்ளி ஒருவர் ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்றுகொண்டிருக்கும்போது நடந்தது.

என் பெயர் நீவெஸ். ஊர் ரொவிகோ. என் கணவர் ஒலிண்டோ சர்க்கரை ஆலையில் லாரி ஓட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஒரே பாட்டுதான். ரிட்டயர் ஆனதும் ஃபெராரா, போலோன்யா, புளோரன்ஸ், ரோம் எல்லாவற்றையும் ரயிலிலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும். வேக ரயில் கூடாது. எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போகிற ரயில்தான் வேண்டும். ஜன்னல் ஓரத்தில் நானும் அவரும் எதிரெதிரே உட்கார வேண்டும்.

"பக்கத்துல உக்காந்தா உன் காது மட்டுந்தான் தெரியுது. லாரியில அத நெறைய பாத்தாச்சு. ஒரு தடவ மூஞ்சிய பாத்துக்கிட்டே போகணும்" என்பார்.

"என் மூஞ்சிய வீட்டுல பாக்கலயா?"

"வீட்டுல அது திட்டிக்கிட்டே இருக்குதே!"

எங்கள் தேனிலவு கியோஜ்ஜா கடற்கரையில் மூன்று நாள். அதில் இரண்டு நாள் மழை. அதற்கப்புறம் நாங்கள் எங்கேயும் போகவில்லை. ஆலையில் சீசன், பிள்ளைக்குப் படிப்பு, வீட்டுக்குக் கூரை என்று காலம் ஓடிவிட்டது. ஜூன் மாதம் ரிட்டயர் ஆனார். செப்டம்பரில் ஒரு வாரம் இருமல் இருமல் என்று கிடந்தார். அதன் பிறகு ஒரு காலையில் எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்களின் நாள் வந்தது. அன்றைக்குக் கல்லறைக்குச் சாமந்தி கொண்டுபோய் வைத்தேன். படுக்கப் போகுமுன் சமையலறை மேஜையில் ஒரு கோப்பை தண்ணீர் வைத்தேன். போனவர்கள் அன்று தாகத்தோடு வீட்டுக்கு வருவார்கள் என்று எங்கள் பக்கம் எல்லோரும் வைப்பதுதான். காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு வாய் குறைந்திருந்தால் போதும், நான் பிழைத்துக்கொண்டிருப்பேன். சவப்பெட்டியைப் பார்த்துக்கூட நான் அப்படி அழவில்லை. ஒரே ஒரு தடவை அவர் வந்து என் எதிரே உட்கார்ந்தால் போதும். அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம் பெட்டியைக் கட்டினேன்.

"தனியாவா போற? பைத்தியமாம்மா உனக்கு?" மகள் மிரெல்லா போனில் கத்தினாள்.

"உங்கப்பா பாக்க ஆசப்பட்டத பாக்கப் போறேன்."

"அப்பா செத்துட்டாரும்மா."

"எனக்குத் தெரியாதா? நாந்தான பொதச்சேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

காலை 9.12 ரயில். வெளியே மூடுபனி, வயலும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எதிர் சீட் காலி. அந்தக் காலி இடத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அப்போது கையில் பெரிய பையோடு ஒருவர் வந்தார்.

"இங்க காலியா, சிஞோரா?"

பாசஞ்சர் ரயிலில் சீட் நம்பர் கிடையாது. ஆனால் எங்கள் ஜனங்கள் கேட்காமல் உட்காரவும் மாட்டார்கள். காலிதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காலி என்று சொன்னால் அவர் இல்லை என்று நானே என் வாயால் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

"ஆள் இருக்கு" என்றேன். "என் வீட்டுக்காரர். காபி குடிக்கப் போயிருக்கார்."

"அட, இருக்கட்டும், இருக்கட்டும்" என்று அந்த மனிதர் நகர்ந்துவிட்டார்.

ஆள் இருக்கு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். ஃபெராரா வருவதற்குள் இன்னும் இரண்டு பேரிடம் அதே பொய்யைச் சொன்னேன். சொல்லச் சொல்ல இனித்தது. என் சால்வையை மடித்து எதிர் சீட்டில் வைத்தேன்.

ஃபெராராவில் கோட்டையைப் பார்த்தேன். அகழியில் தண்ணீர் நிறைய இருந்தது. "மீன் இருக்கான்னு கேப்ப. எனக்குத் தெரியாது, நீயே எட்டிப் பாரு" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிற்பகலில் போலோன்யா ரயில் ஏறினேன். மறுபடியும் எதிர் சீட்டில் சால்வை. ரயிலில் நல்ல கூட்டம். யாராவது கேட்டால் சொல்வதற்குப் பொய்யைத் தயாராக வைத்திருந்தேன்.

யாரும் கேட்கவில்லை.

கழுத்தில் டை கட்டிய ஒரு இளைஞன் வேகமாக வந்தான். எதிர் சீட்டைப் பார்த்தான். "மன்னிக்கணும்" என்றான். என்னிடம் இல்லை... சீட்டிடம். பிறகு போய்க் கதவோரமாக நின்றுகொண்டான். அடுத்து ஒரு கிழவர் வந்தார். அவரும் பார்த்தார், தொப்பியைத் தொட்டார், நகர்ந்தார்.

சால்வையைப் பார்த்தேன். அது சீட்டில் இல்லை. என் மடியில் இருந்தது, மடித்தபடியே. நான் எடுக்கவில்லை.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். என் டிக்கெட்டைப் பார்த்துத் தந்தார். பிறகு எதிர் சீட்டுப் பக்கம் கையை நீட்டினார். காத்திருந்தார். அவர் ஏதோ பார்த்தவர் போலத் தலையை ஆட்டினார். "நன்றி" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிரிப்பு வந்தது. வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. வந்துவிட்டார். தண்ணீர் குடிக்க வீட்டுக்கு வராத மனிதர் ரயிலுக்கு வந்துவிட்டார். அவர் எப்போதும் அப்படித்தான், வீட்டில் கூப்பிட்டால் காதில் விழாது.

போலோன்யாவில் மறுநாள் காலை, காபிக் கடையில் ஒரு காபி கேட்டேன். கடைக்காரன் இரண்டு கோப்பை வைத்தான்.

"ஒண்ணுதான் கேட்டேன்."

என் தோளுக்கு மேலே பார்த்தான். "ஓ... அவருக்கு வேணாமா?"

"அவருக்கும் வேணும்" என்றேன். இரண்டுக்கும் காசு கொடுத்தேன். நான் கொஞ்சம் நிதானித்திருந்தால் அங்கேயே யோசித்திருப்பேன். ஒலிண்டோ என் தோள் உயரம்தான். கடைக்காரன் நிமிர்ந்து பார்த்தான்...

அப்போது அதையெல்லாம் நான் யோசிக்கவில்லை.

"எப்படி இருக்கிறார்?" என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. நாக்கு நுனி வரை வரும். கேட்டால் போய்விடுவாரோ என்று பயம். உலகமே பார்க்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. அந்த வேதனையை எப்படிச் சொல்வது? இருந்தாலும் பரவாயில்லை, இருக்கிறாரே, அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

புளோரன்ஸில் இரண்டு நாள். பெரிய தேவாலயத்தின் குவிமாடத்தைப் பார்த்தோம். ஆற்றுப் பாலத்தில் நின்றோம். சாப்பாட்டுக் கடையில் பணியாள் இரண்டு தட்டு வைத்தான், இரண்டு பேர் உட்கார்ந்ததாகவே பில்லும் போட்டான். ஆவியாகவே இருந்தாலும் புளோரன்ஸில் சும்மா உட்கார முடியாது. அவரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன்.

சில சின்ன விஷயங்கள் இருந்தன. எதிர் நாற்காலிக்குக் கீழே தரை ஈரமாக இருக்கும். மழையே இல்லை. மூடுபனியில் நடந்தால் ஈரம் ஆகாதா என்று நினைத்துக்கொண்டேன். ஆற்றுச் சேற்று வாசனை வரும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறவர்தானே என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு சமாதானம் இருந்தது.

மாலை 4.14 மணிக்கு புளோரன்ஸிலிருந்து ரோம் ரயில். நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும். இரண்டு சீட் தள்ளி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து "வாசனை காட்டிட்டு நீங்களே திங்கறீங்களே" என்று வம்புக்கு இழுத்து ஒரு சுளை வாங்கிவிட்டாள். பெயர் யோலே. ஒர்வியேட்டோவில் இறங்க வேண்டியவள். எனக்கு வணக்கம் சொன்னாள். என் எதிர் சீட்டுக்கும் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரர் பேச மாட்டாரோ?" என்றாள் என்னிடம்.

"வெளியாளுங்க முன்னாடி கூச்சம்."

"என் வீட்டுக்காரருக்கும் அப்படி ஒரு வியாதி இருந்தா கோயில்ல மெழுகுவத்தி ஏத்துவேன்" என்றாள்.

ரயில் கிளம்பியது. ஊர் தாண்டியதும் நீளமான சுரங்கப்பாதை வந்தது. ஜன்னல் கறுத்தது. கடகடவென்று சத்தம் காதை அடைத்தது.

விளக்கு ஒரு முறை மங்கி எரிந்தது.

அப்போது என் முழங்காலில் ஏதோ இடித்தது.

எதிர் சீட்டிலிருந்து... இன்னொரு முழங்கால்.

ஈரம். என் பாவாடையைத் தாண்டி எலும்பு வரை ஏறுகிற குளிர்.

நான் காலை நகர்த்தவில்லை.

"வந்துட்டியா, ஒலிண்டோ?" என்றேன்.

பதிலுக்கு ஒரு இருமல்.

அந்த இருமல் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கடைசி வாரம் முழுக்கக் கேட்டதுதானே. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நீ போனதிலிருந்து கட்டிலில் என் பாதியில் மட்டும்தான் படுக்கிறேன் என்று சொன்னேன். சூப் இன்னும் இரண்டு பேருக்குத்தான் வைக்க வருகிறது என்று சொன்னேன். நாற்பது வருஷத்தில் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். நீ இல்லாமல் எனக்கு இருக்கவே பிடிக்கவில்லை என்று சொன்னேன்.

சுரங்க இருட்டில் ஜன்னல் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. திரும்பினால் எதிர் சீட் அதில் தெரியும்.

திரும்பவில்லை. பார்த்தால் போய்விடுவார்.

ஓரக்கண்ணில் ஒன்று மட்டும் தெரிந்தது. ஜன்னலில் மூச்சுப் படிந்த வட்டம்... உயரத்தில் இருந்தது. உட்கார்ந்திருக்கும் என் தலைக்கும் மேலே.

நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து யாரோ வந்தார்கள்.

என் தோளுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல். சுரங்கச் சத்தத்தில் பாதி அமுங்கிப் போயிற்று.

"இங்க... காலியா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. தலையைத் திருப்பினால், கொஞ்சம் அசைந்தால், அந்த முழங்கால் போய்விடும்.

"ஆள் இருக்கு" என்றேன், திரும்பாமலே. "என் வீட்டுக்காரர்."

முதல் தடவையாக அதைப் பொய் இல்லாமல் சொன்னேன். அவ்வளவு பெருமையாகச் சொன்னேன்.

மற்றவர்கள் சட்டென்று நகர்ந்துவிடுவார்கள். இவர் நின்றார். பிறகு மெதுவாகக் காலடி ஓசை போயிற்று.

சுரங்கம் முடிந்தது. முழங்கால் மட்டும் அப்படியே இருந்தது.

ரயில் அரெஸ்ஸோவில் நின்று கிளம்பியது. அதற்குப் பிறகு யோலே என்னிடம் பேச்சுக் கொடுத்தாள். எங்கள் ஊரில் பூசணிக்காயை உள்ளே வைத்துச் செய்கிற பாஸ்தா எப்படிச் செய்வது என்று கேட்டாள், சொன்னேன். போன் நம்பர் வாங்கிக்கொண்டாள். நடுநடுவே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தாள், எதிர் சீட்டைப் பார்த்தாள், கேட்காமல் விட்டுவிட்டாள். ஒர்வியேட்டோவில் இறங்கும்போது என் கையை அழுத்திவிட்டுப் போனாள்.

ரோமில் மூன்று நாள் இருந்துவிட்டு வீடு திரும்பினேன். தனியாகத் திரும்பவில்லை. சமையலறை மேஜையில் எதிர் நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன். காலையில் அதனடியில் தரையைத் துடைப்பேன். நன்றாகத் தூங்கினேன். மூன்று வாரம் என்னைவிடச் சந்தோஷமான ஒருத்தி ரொவிகோவில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சூப் வைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"நாந்தான், ஒர்வியேட்டோ யோலே. என்னங்க இது, பாஸ்தா எல்லாம் தண்ணியில பிரிஞ்சு போச்சு! பூசணிக்கா கஞ்சிதான் குடிச்சோம். வேணும்னே தப்பா சொல்லிக் குடுத்தீங்களா?"

சிரித்தேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் பக்கத்துல இருக்காரா?"

நாற்காலியைப் பார்த்துக்கொண்டே, "இருக்கார். ஏன்?" என்றேன்.

"அப்ப நீங்க ஒண்ணும் பேச வேணாம். ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கே கேட்டிருப்பேன், அவரு எதிர்ல உக்காந்திருக்கும்போது எப்படிக் கேக்கறது? சொரங்கத்துல வந்து எடம் கேட்டாரே ஒருத்தர்... அவரு உங்க மொதல் வீட்டுக்காரரா?"

"எனக்கு ஒரே வீட்டுக்காரர்தான்."

"அப்ப அது கிறுக்குதான், பாவம். பாத்தா நல்ல மனுஷனாத்தான் தெரிஞ்சுது. குட்டையா இருந்தார். கல்யாணத்துக்குப் போற மாதிரி கறுப்பு சூட்டு, அந்தக் குளிர்ல மேல ஒரு கோட்டுகூட இல்ல. கண்ணாடி இல்லாம தவிச்சார் போல. கண்ண சுருக்கி சுருக்கி, ஒவ்வொரு சீட்டா மூஞ்சிய தேடிக்கிட்டே வந்தார்."

அடுப்பை அணைத்தேன்.

கறுப்பு சூட் மிரெல்லா கல்யாணத்துக்குத் தைத்தது, அதைப் போட்டுத்தான் அவரைப் புதைத்தேன். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றியவள் நான். எனக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று கழற்றினேன். இன்றும் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

"எதிர்ல உக்காந்திருந்தவர்..." என்றேன். "அவர் எப்படி இருந்தார்?"

"உங்க வீட்டுக்காரரா? என்னைக் கேக்கறீங்க? நெட்டையா... ஈரக் கோட்டு... வச்ச கண்ணு வாங்காம உங்களையே பாத்துக்கிட்டு இருந்தார். கோச்சுக்காதீங்க, ஒரு தடவகூட இமைச்சு நான் பாக்கல."

நாற்காலியில் இருமல் கேட்டது.

"சளி இன்னும் விடலையா அவருக்கு?" என்றாள் யோலே.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

"எடம் கேட்டவர்... என்ன சொன்னார்?"

"என் பக்கத்துல காலிதான், வந்து உக்காருங்கன்னேன். வேணாம்னுட்டார். 'அது என் சம்சாரம். தனியா போறாளேன்னு வந்தேன். தொணைக்கு ஆள் இருக்காம்'னார். அவ்வளவுதான். கதவுகிட்டயே நின்னுக்கிட்டு வந்தார்."

"அப்பறம்?"

"அரெஸ்ஸோல எறங்கிட்டார். எறங்கியும் போகல. உங்க ஜன்னலுக்கு நேரா பிளாட்பாரத்துல நின்னார். கண்ணாடியில ரெண்டு தடவ தட்டினார். ரயில் நகர்ந்ததும் கூடவே கொஞ்ச தூரம் நடந்தார். நீங்க ஜன்னல் பக்கம் திரும்பவே இல்ல, சிஞோரா. எதிர்ல இருந்தவர்கிட்ட சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தீங்க."